மனம் அசைந்தால் கை அசையுமா?

 

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதன் ஒழுங்குகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய மாமிக்குப் பாரிசவாதம் வந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. வலது கை விழுந்துவிட்டது. "கை அசைவதாக மனதில் நினைத்தாலே போதும், பயிற்சி எதுவும் வேண்டாம் என்று கைத்தொலைபேசியில் ஒருவர் பேசுகிறார். பணம் கட்டினால் வகுப்பும் நடத்துவாராம். என் கணவரோ, 'விழுந்த கை விழுந்ததுதான், உம்மாவைப் போட்டு வருத்தாதே' என்கிறார். யார் சொல்வது சரி, மௌலவி?" என்று கேட்டிருக்கிறார்.

நான் வைத்தியன் அல்லன். அரபுக் கல்லூரியில் ஓதி, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். எனினும் இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளும் வந்த கேள்வி. அந்த இருவர் சொல்வதும் சரியல்ல என்பதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஆகவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் உம்மாவின் கை

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. மன்னாரிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டி போய்ச் சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. புத்தளத்து முகாமில், ஓலைக் கொட்டிலில் இருந்த காலமெல்லாம் உம்மா பெட்டியும் பாயும் இழைத்து விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். நான் கிதாபு ஓதியது அந்த வலது கையின் உழைப்பில். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பி, முருங்கனில் குடியமர்ந்தோம். அப்போதும் உம்மா இழைப்பதை விடவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் சுபஹு நேரத்தில் வுழூச் செய்யப் போனவர் கிணற்றடியில் சாய்ந்துவிட்டார். வாய் கோணி, வலப் பக்கம் விழுந்துவிட்டது. வைத்தியசாலையில் சில நாட்கள் வைத்திருந்து உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். கால் மெல்ல மெல்லத் தேறியது. கை தேறவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மனைவியையும் ராத்தாவையும் அழைத்து, "உம்மா வாழ்நாளெல்லாம் உழைத்துவிட்டார். இனி அவர் ஒரு வேலையும் செய்யக் கூடாது. ஊட்டி விடுங்கள், உடுத்தி விடுங்கள். கை போனது அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருப்போம்" என்றேன். அவர்களும் அப்படியே செய்தார்கள். கையைத் தலையணை மேல் வைத்து, துணியால் மூடி, குழந்தையைப் போலப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "இப்படிப் பணிவிடை செய்யும் பிள்ளைகள் யாருக்குக் கிடைக்கும்" என்று புகழ்ந்தார்கள். நானும் அந்தப் புகழில் மகிழ்ந்திருந்தேன்.

நான்கு மாதங்கள் கழித்து ஒரு கிளினிக் நாளில், உடற்பயிற்சி கொடுக்கும் பகுதிக்கு உம்மாவை அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் ஒரு கிறிஸ்தவச் சகோதரி. உம்மாவின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கியிருந்தன. என் மனைவியைப் பார்த்து, "அம்மாவுக்கு ஆர் சாப்பாடு தீத்திறது?" என்று கேட்டார். "நாங்கதான்." "ஆர் உடுப்பு மாத்தி விடுறது?" "நாங்கதான்." அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இந்தக் கைக்கு என்ன வேலை மிச்சம் வைச்சிருக்கிறீங்கள்?"

சகோதரிகளே, மிம்பரில் நின்று எத்தனையோ பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன். அன்று எனக்குக் கிடைத்த உபதேசம் இந்த ஒரு கேள்விதான்.

பிறகு அவர் உம்மாவிடம், "அம்மா, இந்தக் கை அசையுறதாக மனசில நினைச்சுப் பார்க்க ஏலுமா?" என்று கேட்டார். உம்மா உடனே, "ஏன் ஏலாது? நான் நாளுக்கு அஞ்சு நேரமும் அதைத்தானே செய்யிறன். தக்பீர் கட்டக்குள்ள இடக் கை மேல போகும், வலக் கையை மனசால உயர்த்துவன்" என்றார். அந்தச் சகோதரி வியந்து போனார். "மௌலவி, உங்கட உம்மா பாதிப் பாடத்தைத் தானாவே படிச்சிட்டா. மிச்சப் பாதியை நீங்கள்தான் செய்ய விடேல்ல" என்றார்.

அந்தப் பாதிப் பாடம் எது, மிச்சப் பாதி எது என்பதைத்தான் இம்மாதம் சொல்ல விரும்புகிறேன்.

வாய்க்கால் தூர்ந்தால்

பாரிசவாதத்தில் கெட்டுப்போவது கை அல்ல. இதைப் பலர் அறியார். எலும்பும் தசையும் முன்போலவே இருக்கின்றன. மூளையில் ஓரிடத்துக்கு இரத்தம் போவது அடைபட்டு, அல்லது இரத்தக் குழாய் வெடித்து, அவ்விடம் பழுதாகிறது. வலது கைக்குக் கட்டளை அனுப்புவது மூளையின் இடப் பக்கம். இடது கைக்கு அனுப்புவது வலப் பக்கம். நரம்புப் பாதைகளில் பெரும்பாலானவை மூளையின் அடித்தண்டில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்வதால் அப்படி.

எங்கள் பக்கத்து வயல்கள் கட்டுக்கரைக் குளத்து நீரால் விளைபவை. குளம் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் வயலுக்கு நீர் வராது. ஒரு போகம் நீர் ஓடாத வாய்க்காலில் புல் முளைக்கும், மண் நிறையும். அடுத்த போகத்தில் அதைத் திறப்பது இரட்டிப்பு வேலை. மூளையிலிருந்து கைக்கு வரும் பாதையும் ஏறக்குறைய அப்படித்தான். ஓரிடம் பழுதானால், பக்கத்தில் எஞ்சியிருக்கும் பகுதிகள் அந்த வேலையில் ஒரு பங்கை ஏற்கக் கூடியவை. ஆனால் கட்டளை ஓடிக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும். கட்டளையே ஓடாவிட்டால் மூளை அந்தக் கையை மறந்துவிடப் பழகிக்கொள்கிறது. தசையும் மெலிகிறது, மூட்டும் இறுகுகிறது. நாங்கள் பாசத்தோடு மூடி வைத்த கைக்கு நடந்தது இதுதான்.

சரி, அசைக்கவே முடியாத கைக்குக் கட்டளை ஓடச் செய்வது எப்படி? மனக்காட்சியின் பயன் இங்கேதான் வருகிறது.

சுண்டுவிரல் சொன்ன உண்மை

ஒரு செயலைச் செய்வதும், அதைச் செய்வதாக உள்ளுக்குள் உணர்ந்து நினைப்பதும் மூளைக்கு முற்றிலும் வேறான இரண்டு வேலைகள் அல்ல. அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளில் பெரும்பகுதி இரண்டு வேளையிலும் விழித்துக்கொள்கிறது. நினைக்கும்போது கடைசிக் கட்டளை மட்டும் தடுத்து நிறுத்தப்படுகிறது. அதனால்தான் கை அசையாமல் இருக்கிறது. ஓர் அசைவை மனதில் செய்து முடிக்க எடுக்கும் நேரமும், கையால் செய்து முடிக்க எடுக்கும் நேரமும் பெரும்பாலும் ஒத்தே இருக்கின்றன என்பதையும் ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள்.

இதனால் தசைக்குப் பலன் உண்டா? 1992இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் குவாங் யூ, கெல்லி கோல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சுண்டுவிரலைப் பக்கவாட்டில் தள்ளும் பலத்தை அளந்தார்கள். ஒரு குழு நான்கு வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாட்கள், விரலை உண்மையாகவே அழுத்திப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு விரலை அசைக்காமல், அழுத்துவதாக நினைத்து மட்டும் பயிற்சி செய்தது. மூன்றாவது குழு ஒன்றும் செய்யவில்லை. முடிவில், உண்மையாகப் பயிற்சி செய்தவர்களின் விரல் பலம் நூற்றுக்கு 30 வீதம் கூடியிருந்தது. நினைத்து மட்டும் பயின்றவர்களுக்கு 22 வீதம். சும்மா இருந்தவர்களுக்கு 4 வீதம்கூட இல்லை.

நினைப்பால் தசை பருத்துவிட்டதா? இல்லை. தசை என்பது பல ஆயிரம் இழைகளின் கூட்டம். சாதாரணமாக மூளை அவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் வேலைக்கு அழைப்பதில்லை. வயலில் ஆட்கள் அதே ஆட்கள்தான். ஆனால் அழைக்கும் குரல் பலத்தால் அதிகம் பேர் எழுந்து வருவார்கள் அல்லவா? நினைப்புப் பயிற்சி பலப்படுத்துவது அந்தக் குரலை. உண்மையான பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடும் பலத்திலும் பெரும்பங்கு இவ்வாறு மூளையிலிருந்து வருவதுதான். தசை பருப்பது அதற்குப் பிறகு.

இன்னொரு சோதனை நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. 2014இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. நல்ல ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டை நான்கு வாரங்கள் பிளாஸ்டர் கட்டுப் போட்டு அசையாமல் வைத்தார்கள். கட்டை அவிழ்த்தபோது சும்மா இருந்தவர்கள் மணிக்கட்டின் பலத்தில் 45 வீதத்தை இழந்திருந்தார்கள். கட்டுக்குள் இருக்கும் கையை இறுக்கி மடக்குவதாக வாரத்துக்கு ஐந்து நாட்கள் நினைத்துப் பயின்றவர்கள் இழந்தது 24 வீதம். மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக்கூட இது உதவும் என்பதைக் கவனியுங்கள்.

இவை ஆரோக்கியமானவர்கள் மீது செய்யப்பட்ட சோதனைகள். பாரிசவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது இதுதான்: வழக்கமான பயிற்சியோடு மனப் பயிற்சியையும் சேர்த்தால், பயிற்சியை மட்டும் செய்வதைவிடக் கையின் செயல் மேம்படுகிறது. "பயிற்சியோடு சேர்த்தால்" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதிலில் பாதி இதற்குள் இருக்கிறது.

இல்லாத கையின் வேதனை

இந்த அறிவுக்குப் பெரும்பங்கு செய்தவர்களில் ஒருவர் தமிழர். டொக்டர் வி. எஸ். இராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்று, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் டியேகோ நகரப் பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சி செய்தவர்.

கையையோ காலையோ இழந்தவர்கள் பலருக்கு, அந்த உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வு இருக்கும். இல்லாத கை மடங்கி இறுகி நிற்கும், நகம் உள்ளங்கையில் குத்தும், வலி உயிரை வாங்கும். யுத்தத்திலும் கண்ணிவெடியிலும் கால் இழந்தவர்கள் நம் மன்னார் மாவட்டத்திலும் வன்னியிலும் எத்தனை பேர்! "இல்லாத கால் எப்படிக் கடுக்கும்?" என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஜின் தீண்டிவிட்டது என்று தாயத்துக் கட்டியவர்களும் உண்டு. சகோதரிகளே, அது பொய்யும் அல்ல, ஜின்னும் அல்ல. கால் போனாலும், மூளையில் அந்தக் காலுக்கென்று இருக்கும் இடம் போகவில்லை. வேதனை அங்கிருந்து வருகிறது.

இராமச்சந்திரனிடம் வந்த ஒருவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் கை நரம்புகள் அறுந்தவர். ஏறக்குறைய ஓராண்டு அந்தக் கை தூக்கில் தொங்கி, பிறகு வெட்டி எடுக்கப்பட்டது. பத்து ஆண்டுகளாக அவருடைய இல்லாத கை அசையாமல் இறுகி நின்றது. கை இருந்த நாட்களில் மூளை "அசை" என்று கட்டளையிட்டதும், "அசையவில்லை" என்று கண் பதில் சொன்னதும் மீண்டும் மீண்டும் நடந்து, "இந்தக் கை அசையாது" என்பதையே மூளை பாடமாகக் கற்றுக்கொண்டது என்று இராமச்சந்திரன் கருதினார். கற்றுக்கொண்ட பாடத்தை மறக்கச் செய்ய முடியாதா? ஒரு பெட்டியின் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து அசைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் உருவம், இழந்த கை மீண்டு வந்து அசைவது போலத் தோன்றியது. அந்த மனிதர் தம் இல்லாத கை பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அசைவதை உணர்ந்தார். கண்ணை மூடியதும் அது மீண்டும் உறைந்துபோனது. வீட்டுக்கு எடுத்துச் சென்று சில வாரங்கள் பயின்ற பிறகு, அந்த இல்லாத கையின் பெரும்பகுதி மறைந்தே போனது. 1990களின் நடுவில் வெளிவந்த இந்த முறைக்குத் தேவைப்பட்டது சில ரூபாய்க் கண்ணாடி ஒன்றுதான். 1999இல் அவருடைய குழுவினர் இதே கண்ணாடியைப் பாரிசவாதத்தால் கை விழுந்த ஒன்பது பேரிடம் பயன்படுத்தி, நம்பிக்கை தரும் பலனைக் கண்டார்கள். இன்று பல நாடுகளில் இது வழக்கமான பயிற்சிகளில் ஒன்று.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 2007இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றில், கால் இழந்தவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஆறு பேர். கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற ஆறு பேருக்கும் வலி குறைந்தது. கண்ணை மூடி, இல்லாத கால் அசைவதாக நினைத்து மட்டும் பயின்ற ஆறு பேரில் நான்கு பேருக்கு வலி கூடிவிட்டது. எனவே நினைப்பு என்பது தேன் அல்ல, யாரும் எவ்வளவும் நக்கலாம் என்பதற்கு. அது மருந்து. உறுப்பை இழந்து வலியால் துடிப்பவருக்கு, அறிந்தவரின் துணையில்லாமல் இந்தப் பயிற்சியைக் கொடுக்காதீர்கள்.

தொழுகையில் ஒரு சட்டம்

என் உம்மா மனதால் கை உயர்த்தியதைச் சொன்னேன். அதற்கு ஒரு பின்னணி உண்டு. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் சாய்ந்து படுத்துத் தொழலாம் என்பது எல்லோரும் அறிந்த ஹதீஸ். ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் இதற்கு மேலும் செல்கின்றன. தலையால் சைகை செய்ய முடியாதவர் இமையால் சைகை செய்வார். இமையும் அசையாதவர், நிலை, ருகூஉ, சுஜூது என்ற ஒவ்வொரு செயலையும் தம் உள்ளத்தில் ஓடவிடுவார். அறிவு இருக்கும்வரை தொழுகை நீங்குவதில்லை. உம்மா சைகை செய்ய முடிந்தவர். எனவே அவருக்கு இந்தக் கடைசிப் படி தேவைப்படவில்லை. ஆனால் நான் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை வீட்டுத் திண்ணையில் சொல்லிக் கொடுத்ததை அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை எடுத்துக்காட்டி, "விஞ்ஞானம் இன்று சொல்வதை நாம் அன்றே சொல்லிவிட்டோம்" என்று பெருமை பேச நான் வரவில்லை. அந்தச் சட்டம் வணக்கத்துக்காக வந்தது. தசைக்காக வந்ததல்ல. அதைச் சொன்ன இமாம்கள் சுண்டுவிரலை அளக்கவில்லை. நான் அதிலிருந்து கற்றது வேறு. உடலில் ஓர் இமைகூட அசையாத மனிதரையும் "இவரிடம் இனி ஒன்றுமில்லை" என்று ஒதுக்காமல், "இவர் இன்னும் செய்யக் கூடியவர்" என்று மதிக்கிறது அந்தச் சட்டம். அதைப் பல ஆண்டுகள் ஓதிக்கொடுத்த நான், என் உம்மாவின் கையை நான்கே மாதத்தில் ஒதுக்கிவிட்டேன். பொறுமை என்பது முயற்சியை விடுவதல்ல. முயற்சியின் பலன் தாமதிக்கும்போது தளராமல் இருப்பது.

2006இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்த ஒன்று என் நினைவுக்கு வருகிறது. விபத்துக்குப் பின் எந்த உணர்வும் காட்டாமல் கிடந்த ஓர் இளம் பெண்ணிடம், டென்னிஸ் விளையாடுவதாக நினைக்கும்படி சொல்லி, மூளையைப் படம் பிடித்தார் ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளர். ஆரோக்கியமானவர் அப்படி நினைக்கும்போது அசைவைத் திட்டமிடும் பகுதி விழிப்பது போலவே அவருக்கும் விழித்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்! அப்படிக் கிடக்கும் எல்லோரும் இவ்வாறு இருப்பதில்லை. எனினும் படுக்கையில் கிடப்பவர் முன்னால் நின்று, அவர் இல்லாததுபோல் பேசும் நம் வழக்கத்தை இனியாவது விட்டுவிடுவோம்.

வீட்டில் செய்யும் முறை

உம்மாவுக்கு எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததை, அந்தச் சகோதரி சொல்லித் தந்தபடியே எழுதுகிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வைத்தியசாலையில் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள்.

ஒன்று: அவருக்கு விருப்பமான, பழகிய வேலையைத் தெரிவு செய்யுங்கள். யாரோ சொன்ன அசைவு வேண்டாம். இடியப்பம் பிழிதல், ரொட்டி தட்டுதல், தஸ்பீஹ் மணி உருட்டுதல், சட்டைப் பொத்தான் போடுதல் என எதுவாகவும் இருக்கலாம். என் உம்மாவுக்கு ஓலை இழைத்தல்.

இரண்டு: முதலில் அந்த வேலையை யாராவது அவர் முன்னால் மெதுவாகச் செய்து காட்டுங்கள். அல்லது அவரே நல்ல கையால் செய்யட்டும்.

மூன்று: பிறகு கண்ணை மூடி, தம்முடைய விழுந்த கையே அதைச் செய்வதாக உணரட்டும். தூரத்தில் நிற்கும் ஒருவரைப் படம் பார்ப்பது போலப் பார்ப்பது போதாது. ஓலையின் சொரசொரப்பு, விரல் அழுத்தம், மணிக்கட்டுத் திரும்புவது எல்லாம் உள்ளிருந்து உணரப்பட வேண்டும். வேகமும் உண்மையான வேகமாக இருக்கட்டும்.

நான்கு: ஒரு முறைக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். களைத்தால் நிறுத்துங்கள். தொழுகைக்குப் பின் வீடு அமைதியாக இருக்கும் நேரம் நல்லது.

ஐந்து: நினைத்து முடித்த உடனே அந்தக் கையை உண்மையிலும் முயலச் செய்யுங்கள். ஒரு விரல் நூலளவு அசைந்தாலும் அது அசைவுதான். அசையாவிட்டால் நீங்கள் மெதுவாகப் பிடித்து அசைத்துக் கொடுங்கள். இதுதான் நான் முன்பு சொன்ன மிச்சப் பாதி.

ஆறு: அவர் நல்ல கையால் செய்யக் கூடியதை நீங்கள் செய்யாதீர்கள். விழுந்த கையால் பாத்திரத்தைத் தாங்கிப் பிடிக்கவாவது ஒரு வேலை கொடுங்கள். நேரம் எடுக்கும், சோறு சிந்தும். சிந்தட்டும்.

சிலருக்கு, மூளையில் பழுதான இடத்தைப் பொறுத்து, இப்படி உணர்ந்து நினைப்பதே முடியாமல் போகலாம். அவர் முயலவில்லை என்று கோபிக்காதீர்கள். மனம் சோர்ந்து அழுபவரிடமும் இதைத் திணிக்காதீர்கள். அந்தச் சோர்வுக்கும் வைத்தியம் உண்டு.

இன்னுமொன்று. வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல் திடீரென வந்தால், எண்ணெய் தேய்த்துக்கொண்டும் ஓதிப் பார்த்துக்கொண்டும் நேரத்தைக் கழிக்காதீர்கள். ஓதுவதை வாகனத்தில் போகும்போது ஓதலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, பொருத்தமானவர்களுக்கு, முதல் நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்பட வேண்டியது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அந்த இலக்கத்தைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

சகோதரிக்கு என் பதில்

பணம் கட்டி வகுப்பில் சேர வேண்டாம், சகோதரி. நினைத்தால் மட்டும் போதும் என்பவர் பாதி உண்மையை முழு விலைக்கு விற்கிறார். நினைப்பு, வாய்க்காலைத் தூராமல் வைத்திருக்கும். பயிர் விளைய வயலில் இறங்க வேண்டும். உங்கள் கணவரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். உம்மாவை வருத்தக் கூடாது என்ற அவருடைய எண்ணம் நல்ல எண்ணம். என்னுடையதும் அப்படிப்பட்ட நல்ல எண்ணமாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். முதல் மாதங்களில் தேறுவதுதான் அதிகம், உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் கை கற்றுக்கொள்வதை நிறுத்துவதில்லை.

என் உம்மாவின் கை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் இப்போது பெட்டி இழைப்பதில்லை. விரல்களில் அந்த நுட்பம் திரும்பவில்லை. முதல் நான்கு மாதங்களை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் திரும்பியிருக்குமோ என்ற எண்ணம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. ஆனால் ஓலையை வலக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடக் கையால் வார்ந்து கொடுக்கிறார். என் மகள் பக்கத்தில் இருந்து இழைக்கிறாள். தக்பீர் கட்டும்போது வலது கை நெஞ்சளவுக்கு எழுகிறது. இதில் நினைப்புக்கு எவ்வளவு பங்கு, பயிற்சிக்கு எவ்வளவு, காலத்துக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் படைத்தவன் ஒருவனே.

சென்ற வாரம் மனைவி பழக்கத்தில் உம்மாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டப் போனார். "கோப்பையைக் கிட்ட வை மகள், என்ட கைக்கும் வேலை இருக்கு" என்றார் உம்மா. நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் உங்கள் கைகளுக்குப் பலத்தையும், எங்கே உதவ வேண்டும், எங்கே விலகி நிற்க வேண்டும் என்ற அறிவையும் தருவானாக. ஆமீன். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.